ஷாம்புவுக்கு உப்பு

நாசரேத்
22.07.2024

இன்பமணிக்கு,

இந்தக் கடிதத்தை நான்காவது முறையாக எழுதுகிறேன். முதல் மூன்றிலும் கோபம் கூடிவிட்டது, அல்லது குறைந்துவிட்டது. அளவு சரியாக வரவில்லை. தொலைபேசியில் பேசலாமே என்று கேட்பாய். உன்னிடம் தொலைபேசியில் ஒரு வாக்கியத்தையாவது முடித்ததாக எனக்கு நினைவில்லை. அதனால்தான் நீ அழைக்கும்போதெல்லாம் எடுக்காமல் இருக்கிறேன்.

இம்மாதம் பதினான்காம் தேதி நடந்ததைப் பற்றி எழுதுகிறேன். உன் அக்காள் அற்புதமணி இறந்து ஓராண்டு நிறைந்ததற்கான ஸ்தோத்திர ஆராதனையை மாப்பிள்ளையூரணியில் உங்கள் ஆலயத்தில் வைக்கலாம் என்றாய். சரி என்றேன். ஆண்கள் பக்கம் நான்காவது வரிசையில் இருந்தேன். நீ சாட்சி சொல்ல எழுந்தபோது, அவளைப் பற்றிச் சொல்லப் போகிறாய் என்று கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன். நீ ஷாம்புவைப் பற்றிச் சொன்னாய்.

"ஒரு நாள் விடியக்காலம் ஜெபத்துல கர்த்தர் எனக்கு ஒவ்வொரு பொருளாக் காட்டிக் குடுத்தாரு. இன்னதை இவ்வளவு போடு, இதுக்குப் பொறவு இதைப் போடுன்னு சொன்னாரு" என்றாய். சபை முழுவதும் ஆமென் என்றது. நானும் உதட்டை அசைத்தேன். பழக்கம்.

கர்த்தர் உனக்குக் காட்டிய வரிசை என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ள வரிசை. குவார் பொடியை முதலில் தண்ணீரில் தூவிக் கலக்கவேண்டும், பிறகு துளி சிட்ரிக் அமிலம் விட்டால்தான் அது கஞ்சிபோல் திரளும், திரண்ட பிறகே நுரைப்பசை சேர்க்கவேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. லிட்டருக்கு மூன்று கிராம் என்பதைக் கர்த்தர் என் கையெழுத்திலேயே காட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். இப்படி எழுதுவது தேவதூஷணமா என்று தெரியவில்லை. அந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

சாகுபுரம் ரசாயன ஆலையின் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் பிறர் கையெழுத்துப் போடுவதற்காக அறிக்கை தயாரித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று செய்தது இது ஒன்றுதான். இந்தப் பக்கத்து உப்புத் தண்ணீரில் அற்புதமணியின் தலைமுடி தேங்காய் நார்போல் ஆனது. கடை ஷாம்பு எதைப் போட்டாலும் அவளுக்கு அரிப்பு வந்தது. நாற்பத்தொரு தடவை செய்து பார்த்தேன். நாற்பத்தொன்றாவதில்தான் ஈரத்தலையில் சீப்பு தடையில்லாமல் இறங்கியது.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து அவளுடைய சேலைகளை நீ எடுத்துப் போனபோது அந்த நோட்டும் பெட்டிக்குள் போனது. நீ திருடினாய் என்று சொல்லமாட்டேன். நீ எடுத்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு இரண்டு காரியங்கள் வேண்டும். அதே ஆலயத்தில், அதே இடத்தில் நின்று, அது என் செய்முறை என்று சொல்லவேண்டும். உன் பார்லரில் விற்கும் பாட்டிலில் என் பெயரை அச்சிடவேண்டும். இவை நியாயமானவை என்று நம்புகிறேன்.

த. நேசக்குமார்


மாப்பிள்ளையூரணி
2.8.2024

அன்புள்ள அத்தானுக்கு இன்பமணி எழுதிக்கொள்வது.

பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறீர்கள்! தபால்காரர் கையெழுத்து வாங்கும்போது பார்லரில் நாலு பேர் இருந்தார்கள். ரம்யா புருவம் எடுக்க உட்கார்ந்திருந்தவள் பாதிப் புருவத்தோடு எழுந்து வந்து, "என்ன இன்பமக்கா, வக்கீல் நோட்டீசா?" என்றாள். "எங்க அத்தான் லெட்டரு"ன்னேன். "அத்தானா? நாசரேத்துலதானே இருக்காரு, வாயில்லையா?" என்றாள். கடிதத்தைக் கல்லாப்பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

சாட்சி விஷயம். ஜெபத்தில் எனக்குத் தைரியம் கிடைத்தது என்று சொல்லத்தான் எழுந்தேன். அக்காள் போன பிறகு பார்லரை மூடிவிடலாம் என்றிருந்தேன், உங்களுக்குத் தெரியாது, நீங்கள் கேட்கவும் இல்லை. அந்த மைக்கைப் பிடித்தால் எனக்கு வாய் முன்னால் ஓடும். ஷாம்பு என்று ஆரம்பித்தேன், அது கர்த்தர் காட்டினார் என்று போய் முடிந்தது. எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு திருப்புவது எப்படி? சபைக் குரு, ஐயரே கண்ணைத் துடைக்கிறார். நில்லுங்கய்யா, அது எங்க அத்தான் நோட்டு என்று சொல்லமுடியுமா?

தப்புதான். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, அன்று இன்னும்கூடச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

நாற்பத்தொரு தடவை செய்தீர்கள். நாற்பத்தொரு தடவையும் அக்காள் தலையைக் கழுவியது யார்? ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறி நாசரேத்துக்கு வந்து, உங்கள் பாட்டிலை வாங்கி, அவளைக் குனிய வைத்து, கழுவி, சிக்கெடுத்து, "இது பிசுக்குன்னு இருக்கு அத்தான், இது வெறும் நுரை, வழுக்கலே இல்ல, சீனியவரைப் பொடி இன்னுங் கொஞ்சம் போடுங்க" என்று சொன்னது யார்? குவார் என்று நீங்கள் எழுதினால் அது சீனியவரைக்காய் இல்லாமல் போகாது. நீங்கள் அறைக்கு வெளியே தாளோடு நிற்பீர்கள். அக்காள் சிரிப்பாள். "ஏளா, மெதுவாக் கழுவு, அவரு நுரையை அளந்து எழுதணுமாம்" என்பாள்.

நோட்டை நானும் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் "சிக்கு குறைவு", "வழுவழுப்பு போதாது" என்று இருக்கிறது. சொன்னவள் பெயர் எங்கேயும் இல்லை. உபயோகித்தவர்: அ. என்று ஒரே ஒரு எழுத்து. என் பெயருக்கு ஒரு எழுத்துகூடக் கிடைக்கவில்லை. நான் பதிவுத் தபால் அனுப்பினேனா?

முடியாது அத்தான். நான் எழுந்து நிற்கமாட்டேன்.

இன்பமணி

பின்குறிப்பு: ஷாம்பு கொஞ்ச நாளாகத் தண்ணியாக வருகிறது. நோட்டில் உள்ளபடிதான் செய்கிறேன். என்ன காரணம்?


நாசரேத்
12.08.2024

இன்பமணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

தலை கழுவுவது ஆய்வு ஆகாது. ஆய்வகத்தில் குழாய்களைக் கழுவி வைப்பவர் இருந்தார், நல்ல மனிதர். அவருடைய பெயரை அறிக்கையில் போடுவதில்லை. இது யாரையும் தாழ்த்துவதற்காக வைத்த வழக்கமில்லை என்று எண்ணுகிறேன்.

நீ முடியாது என்று எழுதிவிட்டாய். அந்த வார்த்தையை எப்படி எழுதினாய் என்று பலமுறை பார்த்தேன். அழுத்தி எழுதியிருக்கிறாய். தாளின் பின்பக்கம் தடவினால் தெரிகிறது. எனக்கு வாழ்நாளில் அப்படி ஒரு வார்த்தையை எழுத வந்ததில்லை.

உன் பின்குறிப்பில் கேட்டதை என்னிடம் கேட்காதே. காட்டிக் கொடுத்தவரிடமே கேட்கலாம்.

த. நேசக்குமார்


மாப்பிள்ளையூரணி
30.8.2024

அத்தானுக்கு,

குழாய் கழுவுகிறவள் எழுதுகிறேன்.

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு கூட்டிப் பொறுக்கி ஒட்டினேன். ஏன் என்று கேட்காதீர்கள். பதில் எழுதக்கூடாது என்று இரண்டு வாரம் இருந்தேன். இப்போது வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

செப்டம்பர் 29 எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. எல்லோரும் முதற்பலன் கொண்டுவந்து வைப்பார்கள், வாழைத்தார், சேவல், கருப்பட்டி என்று. ஆராதனை முடிந்து வளாகத்தில் ஏலம். இந்த வருடம் நான் நூற்றிருபது பாட்டில் ஷாம்பு தருகிறேன் என்று ஐயரிடம் சொல்லிவிட்டேன். அவர் போன ஞாயிறு பலிபீடத்தில் நின்று அறிவித்தும் விட்டார். சபை முழுக்க என் ஷாம்புவை ஒரே நாளில் தலையில் வைக்கப் போகிறது. நன்றாக இருந்தால் பார்லர் பிழைக்கும். இல்லையென்றால் நான் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்கமுடியாது.

தண்ணியாகத்தான் வருகிறது. முன்பு கேன் தண்ணீரில் செய்தேன். இவ்வளவு பாட்டிலுக்குக் கேன் கட்டுபடியாகாது என்று நாலு மாதமாகப் போர் தண்ணீர். மோட்டார் போட்டால் குழாய் வாயில் வெள்ளை பூக்கும், அந்தத் தண்ணீர். நுரை குறையவில்லை. ஆனால் ஊற்றினால் ஓடுகிறது. உள்ளங்கையில் நிற்க மாட்டேன் என்கிறது.

என்னோடு சண்டை போடுங்கள். பண்டிகை முடிந்த பிறகு போடுங்கள். நீங்கள் கேட்ட இரண்டில் ஒன்றைப் பற்றி நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வந்தால் தெரியும். முன் வரிசையில் இடம் பிடித்து வைக்கிறேன்.

உங்களைத் தவிர எனக்கு இதில் கேட்க ஆள் இல்லை. அக்காள் இருந்தால் அவளிடம் சொல்லி உங்களிடம் கேட்டிருப்பேன்.

இன்பமணி


நாசரேத்
05.09.2024

அன்புள்ள இன்பமணிக்கு,

கோபத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு எழுதுகிறேன். பண்டிகைக் காரியம், அதில் மனத்தாங்கல் கூடாது.

நீ கேட்டதற்கு விடை சுலபமானது. இந்த வகை ஷாம்புவைக் கெட்டியாக்குவது உப்பு. கடைசியில் உப்புக் கரைசலை விட்டதும் எப்படிப் பாகுபோல் இறுகுகிறது என்பதை நீயே பார்த்திருப்பாய். நோட்டில் லிட்டருக்குப் பத்து கிராம் என்று இருக்கும். அதை இருபத்தைந்தாக்கு.

உப்பைச் சேர்த்தவுடன் நீர்த்திருப்பதுபோல் தெரியும். பயப்படாதே. நுரை அடங்கி இரண்டு நாளில் தானாகக் கெட்டியாகிவிடும். அதனால் பாத்திரத்தில் வைத்துக்கொண்டிராமல் உடனே பாட்டிலில் ஊற்றி மூடிவிடு. அடிக்கடி திறந்தால் கிருமி சேரும்.

வெள்ளை பாட்டில் நல்லது. வெயில் படாது.

எனக்கு வயிறு சரியில்லை. பண்டிகைக்கு வர இயலாது. உன் முயற்சி அதற்குரிய பலனைப் பெறவேண்டும் என்று விரும்புகிறேன்.

அன்புடன்,
நேசக்குமார் அத்தான்


மாப்பிள்ளையூரணி
1.10.2024

அத்தானுக்கு,

ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன். உங்களுக்குப் பிடித்த மாதிரி வரிசையாக.

ஏலம் விட்டது கிருபாகரன். வாழைத்தார் முடிந்து சேவல் முடிந்து ஷாம்பு வந்தது. முதல் பாட்டிலை ஐஸ் ஃபேக்டரி ரெக்ஸ் எடுத்தான். எடுத்தவன் சும்மா போகாமல், "எல்லாரும் பாக்கணும்லா" என்று மூடியைத் திறந்து கையில் ஊற்றினான். அது உள்ளங்கையில் நிற்கவில்லை. முழங்கை வழியாக இறங்கி, வெள்ளைச் சட்டைக்குள்ளே போனது.

"மைனி, இது என்ன, பதநியா?" என்றான்.

பக்கத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "இன்பமக்கா, ஆளுக்கு ஒரு டம்ளரும் சேத்துக் குடுங்க." அவ்வளவுதான். ஐயர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். எடுத்தவர்கள் ஒவ்வொருவராகத் திறந்து பார்த்தார்கள். பாட்டிலைக் கவிழ்த்தால் தண்ணீரெல்லாம் போய்க் கடைசியில் சளி மாதிரி ஒரு கட்டி விழுகிறது. அது அந்தச் சீனியவரை. "ஏளா, இது தலைக்கா, தாளிக்கவா?" என்று கேட்டாள் ஒருத்தி. "கர்த்தரா காட்டுனாரு இதை?" என்றாள் அடுத்தவள். நான் மேசைக்குப் பின்னாலேயே நின்றேன். எங்கே போக?

இனிமேல்தான் நீங்கள் கவனமாக வாசிக்கவேண்டும்.

ரெக்ஸ் பாட்டிலைத் திருப்பி லேபிளைச் சத்தமாக வாசித்தான். "அற்புதம் கூந்தல் ஷாம்பு. செய்முறை கண்டவர்: த. நேசக்குமார், நாசரேத்." வாசித்துவிட்டு, "யாரு மைனி இந்த ஆளு? அவரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்றான்.

ஆமாம் அத்தான். போட்டேன். நூற்றிருபதிலும் போட்டேன். அக்காள் பெயரும் உங்கள் பெயரும். உங்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல், முன் வரிசையில் உட்கார வைத்து, கிருபாகரனை வாசிக்கச் சொல்லலாம் என்று இருந்தேன்.

நேற்று ஜெபசுதா வந்தாள். உப்புக் கம்பெனி லேப்பில் வேலை பார்க்கிறவள், என்னிடம்தான் முடி வெட்டுவாள். ஒரு துளியை நாக்கில் வைத்துத் துப்பினாள். போர் தண்ணீரையும் அப்படியே பார்த்தாள். "அக்கா, இந்தத் தண்ணியிலயே உப்பு கெடக்கு. உப்பு ஒரு அளவு வரைக்குந்தான் கெட்டியாக்கும், தாண்டுனா தண்ணியாக்கிரும். நீங்க பத்தைக் கொறைச்சிருக்கணும். யாரு கூட்டச் சொன்னது?" என்றாள். சொன்னேன். "லேப்ல இருந்த மனுசருக்கு இது தெரியாதா?" என்றாள்.

அதே கேள்விதான் எனக்கும். தெரிந்து எழுதினீர்களா? ஒரு வரி போதும்.

இன்பமணி


நாசரேத்
05.10.2024

இன்பமணிக்கு,

ஆம். தெரிந்துதான் எழுதினேன்.

ஒரு வரி போதும் என்றாய். எனக்குப் போதவில்லை.

உப்பைப் பற்றி எழுதியது பாதி உண்மை. இரண்டு நாளில் கெட்டியாகும் என்றது முழுப் பொய். வெள்ளை பாட்டிலைச் சொன்னது உள்ளே இருப்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்காக. "போர் தண்ணீர்" என்ற இரண்டு வார்த்தையை உன் கடிதத்தில் வாசித்தபோதே காரணம் தெரிந்துவிட்டது. பதில் எழுத மூன்று நாள் எடுத்துக்கொண்டது சந்தேகத்தால் அல்ல. பொய்யை எந்த இடத்தில் வைத்தால் உறுத்தாது என்று பார்த்தேன். அந்த மூன்று நாளும் நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூங்கினேன். வயிறு சரியில்லை என்றதும் பொய்.

29ஆம் தேதி பதினோரு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். இப்போது ஏலம் என்று நினைத்துக்கொண்டேன். காப்பி போட்டுக் குடித்தேன்.

உன் கடிதம் வந்து லேபிள் வரியை வாசித்தபோது முதலில் என்ன நினைத்தேன் என்பதை எழுதவேண்டும். "அடடா, தெரிந்திருந்தால் உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பேனே" என்று நினைத்தேன். அதை நினைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன். அவமானப்படுவது என் பெயர் என்றால் காப்பாற்றியிருப்பேன். உன் பெயர் மட்டும்தான் என்று எண்ணியதால் கெடுத்தேன். அற்புதமணியின் பெயரும் அந்தப் பாட்டிலில் இருந்தது என்பதை இரண்டாவதாகத்தான் கவனித்தேன். இதையும் எழுதாமல் விடக்கூடாது.

13ஆம் தேதி உங்கள் ஆலயத்துக்கு வருகிறேன். ஐயருக்குத் தனியே எழுதி, சாட்சி வேளையில் எனக்கு ஐந்து நிமிடம் கேட்டிருக்கிறேன். நான் கெடுத்தேன், வேண்டுமென்றே கெடுத்தேன் என்று சொல்வேன். எழுதி வைத்து வாசிப்பேன், இல்லையென்றால் பாதியில் நின்றுவிடும். அதோடு உன் பேர் சுத்தமாகிவிடும் என்று எண்ணுகிறேன். உன்னை மன்னிக்கிறேன் என்று சொல்லவரவில்லை. அது வேறு.

த. நேசக்குமார்


மாப்பிள்ளையூரணி
15.10.2024

அத்தானுக்கு,

நீங்கள் எழுந்தீர்கள். தாளைப் பிரித்தீர்கள். மைக் வழியாக அந்தத் தாளின் சத்தம்தான் முதலில் கேட்டது. "ஷாம்புவைக் கெடுத்தது நான். தவறான அளவைத் தெரிந்தே எழுதிக் கொடுத்தேன். இன்பமணி மேல் குற்றமில்லை" என்றீர்கள். இன்னும் இருந்தது. அதற்குள் பாதியில் நின்றுவிட்டீர்கள். ஐயர் இறங்கி வந்து உங்களைக் கட்டிப்பிடித்தார். கொயர் தானாகப் பாட ஆரம்பித்தது.

நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். பிறகு நடந்ததை நான் சொல்கிறேன்.

ஒருவரும் நம்பவில்லை.

"பாரு, எவ்வளவு பெரிய மனசு. கொழுந்தியா மானத்தைக் காப்பாத்த பழியைத் தன் தலையில போட்டுக்கிடுதாரு." இதைச் சொன்னது கிருபாகரனின் மனைவி, என் முகத்துக்கு நேராக. ரெக்ஸ் வந்து, "மைனி, அந்த மனுசன் ஈ எறும்புக்குக் கெடுதல் நினைப்பாரா? அவரை இப்படி நிக்க வச்சிட்டீங்களே" என்றான். நான் சொன்னேன், "ஏலே, அவருதாம்ல கெடுத்தாரு, அவரே சொல்லுதாருல்லா" என்று. "அதான் மைனி, அவரு சொல்லுதாரு" என்றான். தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டான். உங்கள் உப்புக் கடிதத்தை எடுத்துக் காட்டினாலும், வயசான மனுசர் அளவைத் தப்பி எழுதியிருப்பார் என்பார்கள்.

நான் எழுந்து சத்தியம் பண்ணினாலும், பெரியவர் இரக்கப்பட்டார், இவள் அதிலும் ஏறி மிதிக்கிறாள் என்பார்கள். பேசாமல் இருந்தால், ஆமாம் இவள்தான் கெடுத்தாள். போன வாரம் வரைக்கும் நான் ஷாம்பு செய்யத் தெரியாதவள். இப்போது கிழவரைப் பொய் சொல்ல வைத்தவள். பார்லருக்கு ஜெபசுதா மட்டும் வருகிறாள். அவளுக்கு முடி வெட்ட இனிமேல் ஒன்றுமில்லை, பாவம், சும்மா வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

முதியோர் ஞாயிறுக்கு உங்களைப் பேசக் கூப்பிடப் போகிறார்களாம். தலைப்பு: பிறர் பாரம் சுமத்தல்.

முதலில் செய்தது ஒன்றுமில்லை அத்தான். இதுதான் பெரிது. பொய்யால் அடித்தீர்கள், பிழைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லி அடித்துவிட்டீர்கள். அதற்கு நான் எங்கே போய் மருந்து வாங்க? அப்படிப் பாதியில் நின்றதுகூடத் திட்டம்தானோ என்று இருக்கிறது.

சந்தோஷமாக இருங்கள்.

இன்பமணி


நாசரேத்
19.10.2024

இன்பமணிக்கு,

பாதியில் நின்றது திட்டமல்ல. ஆனால் அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது சந்தோஷமாக இருந்தேன். ஆலய வாசலில் இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி உண்டா ஐயா" என்றார்கள். அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பது எனக்கு அங்கேயே தெரிந்தது. திருத்தவில்லை. கையையும் இழுத்துக்கொள்ளவில்லை. ஆறுமுகநேரி தாண்டும் வரை இனித்தது. உன்னைப் பழிவாங்கியதில் எந்தப் பகுதி முடிந்துவிட்டது, எந்தப் பகுதி இன்னும் நடக்கிறது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முதியோர் ஞாயிறுக்கு வரமுடியாது என்று ஐயருக்கு எழுதிவிட்டேன். முடியாது என்ற சொல்லை அழுத்தி எழுதினேன்.

என் சொல்லை அவர்கள் நம்பவில்லை. சரி. சொல் தேவைப்படாத வழி ஒன்று எனக்குத் தெரியும். வேறெதுவும் எனக்கு ஒழுங்காகத் தெரியாது. நான் குற்றவாளி என்பதைச் செய்துகாட்டி நிரூபிக்கிறேன்.

அடுத்த மாதம் முதல் வெள்ளி உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கம் கூடும் அல்லவா. அங்கே ஒரு மேசை வேண்டும். ஒரே அளவான இரண்டு பாத்திரம், கண்ணாடியாக இருந்தால் நல்லது. இரண்டுக்கும் உன் வீட்டுப் போர் தண்ணீர். நுரைப்பசை, குவார் பொடி, அமிலம் நான் கொண்டுவருகிறேன். தராசு என்னுடையது. ஒரு பாட்டில் போர் தண்ணீரை இந்த வாரமே ஜெபசுதாவிடம் கொடுத்து, நாசரேத் பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல். அதன் உப்பை நான் முன்கூட்டி அளக்கவேண்டும்.

முதல் பாத்திரத்தில் உப்பு கிடையாது. அது நன்றாக வரும். அதை எல்லோரும் கையில் ஊற்றிப் பார்க்கலாம். ரெக்ஸின் மனைவி அவசியம் வரவேண்டும்.

இரண்டாவதில் ஒவ்வொரு கரண்டியாக உப்பு. முதலில் இறுகும். பிறகு ஏதோ ஒரு கரண்டியில் சட்டென்று தண்ணீராய்ப் போகும். அது எத்தனையாவது கரண்டி என்பதை ஒரு தாளில் எழுதி, மடித்து, ஆரம்பிப்பதற்கு முன்பே ஜெபசுதாவிடம் கொடுத்துவிடுவேன். சரியாக அந்தக் கரண்டியில் கெட்டதும் அவள் தாளைப் பிரித்து வாசிக்கட்டும். எங்கே கெடும் என்று முன்னாலேயே இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த ஒருவன், அதற்கும் மேலே போடச் சொல்லி உனக்கு எழுதினான் என்றால், அதற்கு இரக்கம் என்று யாரும் பெயர் வைக்கமாட்டார்கள். வைக்கமுடியாது.

அதன் பிறகு என்னை யாரும் கட்டிப்பிடிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரும் சொல்லக்கூட மாட்டார்கள். அதற்குத் தயாராக இருக்கிறேனா என்றால், இல்லை. ஆனாலும் வருகிறேன்.

நோட்டைப் பற்றி. நாற்பத்தொரு பக்கத்திலும் இருக்கும் குறிப்புகள் உன் வாயிலிருந்து வந்தவை. "வழுவழுப்பு போதாது" என்று நீ சொல்லவில்லை, "மாட்டு நாக்கு மாதிரி சொரசொரன்னு இருக்கு" என்றாய். நான்தான் மாற்றி எழுதினேன். தலை கழுவுவது ஆய்வு ஆகாது என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அது பொய் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும்.

நீயும் அன்று எழுந்து, ஜூலையில் சொன்ன அந்தச் சாட்சியைத் திருத்தலாம். சொல்லாவிட்டாலும் நான் கேட்கமாட்டேன். கேட்கமாட்டேன் என்று எழுதினாலும் காத்திருப்பேன். என்னால் அவ்வளவுதான் முடியும்.

ஒன்றே ஒன்று. உதவி செய்கிறேன் என்று நீ பக்கத்தில் வரவேண்டாம். இரண்டாவது பாத்திரத்தை யாரும் தொடவேண்டாம், ஜெபசுதாவும். ஒவ்வொரு கரண்டி உப்பையும் நானே அள்ளி, நானே போடுகிறேன். எல்லோரும் என் கையைப் பார்க்கட்டும்.

நேசக்குமார் அத்தான்